மெலனியாக நடித்த சாதுவும் வார்னர் மேல் வழக்குப் போட்டவரும் ஒரே ஆள்தான்: ஒலிவியா டி ஹாவிலண்ட் பற்றிப் பேசலாம்

இரண்டாம்காட்சி:

போன வாரம் தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை கிடைத்தது. 'கான் வித் த விண்ட்' படத்தை மறுபடி போட்டேன். ஏறக்குறைய நாலு மணி நேரம். நடுவில் சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம் எல்லாம் முடித்துத்தான் கரை சேர்ந்தேன். கல்லூரி நாட்களில் பார்த்தபோது கண் முழுக்க விவியன் லீ மேல்தான் இருந்தது. இந்த முறை மெலனியை விட்டுக் கண் நகரவில்லை. அந்தப் பெண் ஒரு காட்சியில்கூடக் குரலை உயர்த்துவதில்லை. ஆனாலும் அவள் இல்லாத காட்சி கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது.

அப்புறம்தான் ஒலிவியா டி ஹாவிலண்ட் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பிறந்தது டோக்கியோவில், 1916 ஜூலை 1. அப்பா அங்கே காப்புரிமை வழக்கறிஞர், அம்மா மேடை நடிகையாக இருந்தவர். ஷேக்ஸ்பியர் நாடகப் பாத்திரம் ஒன்றின் பெயரை மகளுக்கு வைத்தார்கள். 1919-இல் அம்மா இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கலிபோர்னியா வந்துவிட்டார். சரடோகா என்ற சிற்றூரில் வளர்ப்பு.

1934-இல் நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட் ஹாலிவுட் பவுல் திறந்தவெளி அரங்கில் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' போடுகிறார். ஹெர்மியா வேடத்துக்கு ஒரு நடிகை, அவர் வராவிட்டால் ஆடுவதற்கு ஒரு மாற்று ஆள், அந்த மாற்று ஆளுக்கும் ஒரு மாற்று ஆள். இந்த மூன்றாமவர்தான் 18 வயது ஒலிவியா. முன்னால் இருந்த இருவரும் விலக, மேடை ஏறினார். அடுத்த வருடம் வார்னர் பிரதர்ஸ் அதைப் படமாக்கியபோதும் அவர்தான் ஹெர்மியா. அந்த வருடக் கடைசியில் எர்ரல் ஃப்ளின்னோடு 'கேப்டன் ப்ளட்'. பிறகு அந்த ஜோடி எட்டுப் படம்.

இந்த இழையைத் திறந்ததற்குக் காரணம் வேறு. இத்தனை சாதுவாக நடித்தவர் 1943-இல் தன் முதலாளியான வார்னர் ஸ்டூடியோ மேல் வழக்குப் போட்டு ஜெயித்திருக்கிறார். அந்தத் தீர்ப்புக்கு இன்றைக்கும் கலிபோர்னியாவில் அவர் பெயரேதான். எனக்குச் சட்டம் தெரியாது. தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச்:

டி ஹாவிலண்ட் என்றால் எனக்கு விமானம்தான் தெரியும். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு ஓட்டி வந்தாரே, அது டி ஹாவிலண்ட் புஸ் மாத். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். அந்தக் குடும்பமா இது?

இரண்டாம்காட்சி:

அதே குடும்பம்தான். விமானம் கட்டிய ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் இவருக்குப் பெரியப்பா-சித்தப்பா வகையில் அண்ணன் முறை. சரி, தரையிறங்கி விஷயத்துக்கு வருவோம்.

கறுப்புவெள்ளை:

மெலனி வேடம் கிடைத்ததே ஒரு கதை. அதைச் சொன்னால்தான் வழக்கு ஏன் வந்தது என்று புரியும்.

படத்தை எடுத்தவர் டேவிட் செல்ஸ்னிக். ஒலிவியாவோ வார்னரின் மாதச் சம்பள நடிகை மாதிரி, எழுதிக் கொடுத்துவிட்டவர். செல்ஸ்னிக்குக்குப் பிடித்துவிட்டது. ஜாக் வார்னர் விட மாட்டேன் என்கிறார். வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தால் இந்தப் பெண்ணைக் கட்டி மேய்க்க முடியாது என்பது அவர் கணக்கு. (அந்தக் கணக்கு தப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) ஒலிவியா நேரே முதலாளியின் மனைவி ஆன் வார்னரைத் தேநீருக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னார். வீட்டுக்குள்ளிருந்து போன சிபாரிசு வேலை செய்தது.

இன்னொன்று. படத்தை முதலில் இயக்கியவர் ஜார்ஜ் கியூக்கர். சில வாரங்களில் அவரை நீக்கிவிட்டு விக்டர் ஃப்ளெமிங்கைக் கொண்டுவந்தார்கள். விவியன் லீயும் ஒலிவியாவும் கலங்கிப்போனார்கள். விடுமுறை நாட்களில் விவியன் யாருக்கும் தெரியாமல் கியூக்கர் வீட்டுக்குப் போய்க் காட்சிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார். ஒலிவியாவும் அதேபோல் போய்வந்தார். ஒருவர் போவது மற்றவருக்குத் தெரியாது! திரையில் நாம் பார்க்கிற மெலனியில் எத்தனை பங்கு ஃப்ளெமிங், எத்தனை பங்கு கியூக்கர் என்று பிரிக்கவே முடியாது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். படத்தின் நாலு முக்கியப் பாத்திரங்களில் கதைக்குள் செத்துப்போவது மெலனி ஒருத்திதான். நிஜத்தில் லெஸ்லி ஹவர்ட் 1943-இல் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். கிளார்க் கேபிள் 1960, விவியன் லீ 1967. மெலனி 2020 ஜூலை வரை இருந்தார், 104 வயது.

வாய்தா:

அழைத்தீர்களா? வந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டக் கல்லூரியில் ஒப்பந்தச் சட்டம் படித்த எல்லோருக்கும் 'வார்னர் பிரதர்ஸ் எதிர் நெல்சன்' என்ற இங்கிலாந்து வழக்கு தெரியும். நம் நாட்டுக் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் (Specific Relief Act) 1963, பிரிவு 42 நடத்தும்போது அந்த வழக்கைத் தொடாமல் எந்த ஆசிரியரும் போக மாட்டார். அந்த நெல்சன் யார் என்று நான் பரீட்சை எழுதி முடித்து வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். வார்னரின் இன்னொரு நட்சத்திர நடிகை பெட்டி டேவிஸ்! நெல்சன் என்பது அன்றைய கணவரின் குடும்பப் பெயர். வார்னர் கொடுத்த வேடங்கள் பிடிக்காமல் 1936-இல் இங்கிலாந்துக்குப் போய் வேறு தயாரிப்பாளருக்கு நடிக்கப் பார்த்தார். வார்னர் லண்டனுக்கே போய் வழக்குப் போட்டது. எங்களுக்குத்தான் நடிக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட முடியாது, ஆனால் வேறு யாருக்கும் நடிக்கக் கூடாது என்று தடை போட முடியும் என்றார்கள். வேறு யாருக்கும் நடிக்கக் கூடாது என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? பெட்டி டேவிஸ் ஹாலிவுட்டுக்கே திரும்பினார்.

அதே 1936-இல்தான் ஒலிவியா வார்னரோடு புதிய ஏழு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தக்கால ஒப்பந்தத்தின் சூட்சுமத்தைக் கேளுங்கள். பெயர்தான் ஏழு வருடம். உண்மையில் 52 வாரம், பிறகு இன்னொரு 52 வாரம் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு வருட முடிவிலும் நடிகையை வேண்டாமென்று அனுப்ப ஸ்டூடியோவுக்கு உரிமை உண்டு. விலகிப் போக நடிகைக்கு உரிமை கிடையாது. கொடுத்த வேடத்தில் நடிக்க மாட்டேன் என்றால் சம்பளமில்லாமல் சஸ்பெண்ட். அந்த வேடத்தை வேறொருவர் நடித்து முடிக்கிற வரை சஸ்பென்ஷன் நீளும்.

இதுவரை சாதாரணம். அடுத்தது கேளுங்கள். சஸ்பென்ஷனில் இருந்த நாட்களை ஏழு வருடக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். கடைசியில் ஒட்டிவிடுவார்கள். மூன்று மாதம் சஸ்பென்ஷன் என்றால் ஏழு வருடம் மூன்று மாதம். அடுத்த படத்தையும் மறுத்தால் இன்னும் நீளும். வேடம் பிடிக்கவில்லை என்று சொல்லச் சொல்ல விடுதலை நாள் தள்ளிப்போகும். எல்லாப் பெரிய ஸ்டூடியோவிலும் இதுதான் வழக்கம்.

மெலனிக்குப் பிறகு ஒலிவியா நிறைய வேடங்களை மறுத்தார். நாயகன் வாள் சுழற்றும்போது ஓரமாக நின்று கவலைப்படுகிற வேடங்கள் அவருக்குச் சலித்துப்போயிருந்தன. 1943 மே மாதம் ஏழு வருடம் முடிந்தது. இன்னும் சுமார் ஆறு மாதம் பாக்கி என்றது வார்னர். ஒலிவியா மார்ட்டின் கேங் என்ற வழக்கறிஞரிடம் போனார். அவர் காட்டியது கலிபோர்னியா தொழிலாளர் சட்டத்தின் 2855-ஆம் பிரிவு. எந்த ஆளையும் தனிப்பட்ட உழைப்புக்கான ஒப்பந்தத்தில் ஏழு வருடத்துக்கு மேல் கட்டிப்போட முடியாது என்கிறது அது. சினிமாக்காரர்களுக்காகப் போட்ட சட்டமே இல்லை. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிறது. முதலில் இரண்டு வருடம் என்றிருந்த வரம்பு ஏறி ஏறி 1931-இல் ஏழில் நின்றது.

வழக்கில் கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஏழு வருடம் என்றால் எதை எண்ணுவது? வேலை செய்த நாட்களையா, காலண்டரையா?

தென்னங்கீற்று:

இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். வாய்தா சார் எழுதியதைப் படித்ததும் எழுத வேண்டும்போல் இருந்தது.

படிப்பு முடிந்து முதல் வேலையில் இரண்டு வருட பாண்டு எழுதி வாங்கினார்கள். அசல் சான்றிதழ்களும் அவர்கள் கையில். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நடுவில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் சம்பளமில்லா விடுப்பில் 40 நாள் ஊரில் இருந்தேன். இரண்டு வருடம் முடிந்து சான்றிதழைக் கேட்டால், அந்த 40 நாளையும் செய்துவிட்டுப் போ என்றார்கள். செய்துவிட்டுத்தான் வந்தேன். எதிர்த்துக் கேட்கலாம் என்றே அப்போது தோன்றவில்லை. எழுதிக் கொடுத்தோமே, நம் தப்புதானே என்றுதான் நினைத்தேன்.

ஒன்று கேட்கிறேன். சட்டம் 1931-லிருந்து இருக்கிறது என்கிறீர்கள். ஹாலிவுட்டில் அத்தனை பெரிய நட்சத்திரங்கள் இருந்தார்கள், வக்கீல் வைக்கப் பணமும் இருந்தது. ஒலிவியாவுக்கு முன்னால் யாரும் ஏன் ஜெயிக்கவில்லை?

வாய்தா:

தென்னங்கீற்று மேடம், உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் கதையிலேயே இருக்கிறது. எழுதிக் கொடுத்தோமே என்ற எண்ணம்தான் காரணம். வார்னர் தரப்பும் அதைத்தான் வாதாடியது. சஸ்பென்ஷன் நாட்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு முறையும் அவரே ஒப்புக்கொண்டாரே, இப்போது வந்து மாற்றிப் பேசலாமா என்றது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாரத்தை என் சொற்களில் சொல்கிறேன். இந்தச் சட்டம் ஒரு தனியாளுக்குக் கொடுத்த சலுகை இல்லை, பொது நலனுக்காகப் போட்டது. ஆகவே ஒருவர் கையெழுத்துப் போட்டு அதை விட்டுக்கொடுக்க முடியாது. ஏழு வருடம் கழிந்தால் வேறு முதலாளியைப் பார்த்துப் போகிற வழி உழைப்பவருக்குத் திறந்திருக்க வேண்டும், அதுதான் சட்டத்தின் நோக்கம். ஏழு வருடம் என்றால் காலண்டர் ஏழு வருடம்தான்.

பணம் இருந்தும் ஏன் யாரும் போகவில்லை என்றால், பணத்தைவிடப் பெரிய பயம் வேலை போய்விடும் என்பது. ஒலிவியாவுக்கும் நடந்தது. 1943 ஆகஸ்டில் வழக்குப் போட்டார். வேறு ஸ்டூடியோக்கள் இவரை எடுக்கக் கூடாது என்று வார்னர் கடிதம் அனுப்பியது. 1944 மார்ச்சில் கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார், வார்னர் மேல்முறையீடு போனது. 1944 டிசம்பரில் அங்கேயும் ஜெயித்தார். 1945 பிப்ரவரியில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வழக்கைக் கையிலெடுக்க மறுத்த பிறகுதான் எல்லாம் முடிந்தது. அதுவரை ஒரு படம்கூட ஒத்துக்கொள்ள முடியாது. உச்சத்தில் இருக்கிற நடிகைக்கு 27, 28 வயதில் இப்படி வருடக்கணக்கில் சும்மா இருப்பதென்றால் சின்ன விஷயமா?

சும்மா இருக்கவுமில்லை. போர்க்கால மருத்துவமனைகளில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்க்க அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளுக்கும் தென் பசிபிக் தீவுகளுக்கும் போனார். பிஜியில் நிமோனியா வந்து அங்கேயே படுத்துக் கிடந்தார்.

திண்ணைப்பேச்சு:

ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் தானாக விடுதலை. அதற்கு ஒன்றரை வருடம் வீட்டில் உட்கார்ந்தாராம். கணக்கு உதைக்கிறதே.

வாய்தா:

அந்த ஆறு மாதத்தில் இன்னொரு மோசமான வேடம் கொடுப்பார்கள், இவர் மறுப்பார், ஆறு எட்டாகும், எட்டு பத்தாகும். கணக்கு உதைக்கவில்லை சார். வட்டிக்கு வட்டி வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கறுப்புவெள்ளை:

எல்லோரும் சேர்ந்து கொடி பிடிக்கும்போது நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டுப் பாடுகிறேன்.

"ஒலிவியா ஒற்றை ஆளாக ஸ்டூடியோ ராஜ்ஜியத்தை உடைத்தார்" என்று இணையத்தில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. ஸ்டூடியோக்களின் பலமே படத்தைத் தயாரிப்பதும் விநியோகிப்பதும் திரையிடுகிற கொட்டகையும் ஒரே கையில் இருந்ததுதான். அதை உடைத்தது 1948-இல் பாரமவுண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. கூடவே வீடு வீடாகத் தொலைக்காட்சி வந்தது. கொட்டகையும் போய்க் கூட்டமும் குறைந்த பிறகு, மாதச் சம்பளத்துக்கு நட்சத்திரங்களை வைத்துத் தீனி போட ஸ்டூடியோக்களுக்கே கட்டுப்படியாகவில்லை. அவர்களாகவே ஒப்பந்தங்களை விட்டார்கள்.

இன்னொன்று, 1945-க்குப் பிறகும் ஏழு வருட ஒப்பந்தம் ஒழியவில்லை. ஏழு ஏழாகவே நின்றது, அவ்வளவுதான்.

வாய்தா:

நியாயமான பேச்சு. "அவ்வளவுதான்" என்ற கடைசிச் சொல்லில் மட்டும் சண்டை போடுகிறேன். போருக்குப் போன நடிகர்களை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தையும் கடைசியில் ஒட்டுகிற பழைய வழக்கம் இருந்திருந்தால், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் போன்றவர்கள் சீருடையைக் கழற்றிவிட்டு நேரே பழைய ஸ்டூடியோ வாசலுக்குப் போய் நின்றிருக்க வேண்டும். காலண்டர் கணக்கு வந்ததால் அவர் சுதந்திரமாகத் திரும்பினார்.

அந்தச் சட்டம் பழைய காகிதமாகவும் போகவில்லை. தொலைக்காட்சி நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜானி கார்சன் என்.பி.சி. தொலைக்காட்சியை விட்டுப் போகிறேன் என்று 1979-இல் மல்லுக்கட்டியது இதை வைத்துத்தான். இசைத்தட்டு நிறுவனங்கள் முட்டி மோதி 1987-இல் தங்களுக்கென்று ஒரு விலக்கு வாங்கிக்கொண்டன. ஏழு வருடத்தில் பாடகர் போகலாம், ஆனால் தருகிறேன் என்ற ஆல்பங்களைத் தராததற்கு நஷ்டஈடு கேட்கலாம் என்று. 2008-இல் 'தர்ட்டி செகண்ட்ஸ் டு மார்ஸ்' என்ற ராக் குழு இந்தச் சட்டத்தைச் சொல்லி விலகப் பார்க்க, இ.எம்.ஐ. நிறுவனம் 3 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. வாதத்தில் அடிபட்டதெல்லாம் அந்த 1944 தீர்ப்பு. மறு வருடம் சமரசமானார்கள்.

திண்ணைப்பேச்சு:

சட்டம் போதும். தங்கச்சி சண்டையைச் சொல்லுங்கள். அதற்காகத்தான் இழைக்குள் வந்தேன்.

இரண்டாம்காட்சி:

நீங்கள் இதைக் கேட்பீர்கள் என்று தெரியும். சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

தங்கை ஜோன் ஃபான்டெய்ன், ஒன்றேகால் வயது இளையவர். அக்கா முதலில் நடிக்க வந்துவிட்டதால் குடும்பப் பெயரை நீ போட்டுக்கொள்ளாதே என்றார் அம்மா. அதனால் மாற்றாந்தந்தையின் பெயரான ஃபான்டெய்ன். 1942 பிப்ரவரியில் நடந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த நடிகைக்கு இருவருமே போட்டி. ஒலிவியா 'ஹோல்ட் பேக் த டான்' படத்துக்கு, ஜோன் ஹிட்ச்காக்கின் 'சஸ்பிஷன்' படத்துக்கு. ஜோன் வாங்கினார். 1947 மார்ச்சில் 'டு ஈச் ஹிஸ் ஓன்' படத்துக்காக ஒலிவியா முதல் ஆஸ்கர் வாங்கிக்கொண்டு வந்தபோது ஜோன் வாழ்த்தப் போக, அக்கா முகம் திருப்பிக்கொண்டார். அதைப் படம் பிடித்துவிட்டார்கள். 1975-இல் அம்மா இறந்த பிறகு பேச்சே இல்லை. ஜோன் 2013-இல் இறந்தார்.

உடன்பிறந்த இருவர் சிறந்த நடிகை ஆஸ்கர் வாங்கியது இவர்கள் மட்டுமே. பேசாமல் இருந்த அக்கா தங்கை எத்தனை வீட்டில் இல்லை? நம் வீட்டில் புகைப்படக்காரர் இல்லை, அதுதான் வித்தியாசம்.

தென்னங்கீற்று:

மெலனிக்கு ஆஸ்கர் கிடைக்கவில்லையா?

இரண்டாம்காட்சி:

துணை நடிகைக்கான பட்டியலில் இருந்தார். வாங்கியவர் அதே படத்தில் 'மேமி' என்ற வேலைக்காரியாக நடித்த ஹாட்டி மெக்டானியல். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினத்தவர். இதில்தான் எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. 1939 டிசம்பரில் அட்லாண்டாவில் படத்தின் முதல் காட்சி, ஊரே திருவிழா. அந்த மாநில இனப் பாகுபாட்டுச் சட்டங்களால் ஹாட்டி மெக்டானியல் போக முடியவில்லை. 1940 பிப்ரவரி 29-ஆம் தேதி ஆஸ்கர் விருந்தில்கூட, படக்குழு உட்கார்ந்த மேசையில் அவருக்கு இடமில்லை, தள்ளி ஒரு சின்ன மேசை. அந்த இரவில் ஒலிவியா தோற்ற துக்கத்தில் எழுந்துபோய் அழுதார். பிறகு சில நாளில் மனம் தெளிந்து, அவருக்குக் கிடைத்ததுதான் சரி என்று மகிழ்ந்ததாகப் பிற்காலத்தில் சொன்னார்.

ஏழு வருடம் கழித்து வேறு முதலாளியிடம் போகலாம் என்ற சட்டம் ஹாட்டி மெக்டானியலுக்கும் உண்டு. ஆனால் எந்த முதலாளியிடம் போனாலும் வேலைக்காரி வேடம்தான்.

கறுப்புவெள்ளை:

இரண்டாம்காட்சி சொன்னதற்கு மேல் அதில் ஒன்றும் சேர்க்கத் தோன்றவில்லை.

படங்களுக்கு வருகிறேன். வழக்கைப் பற்றிப் பேசிப் பேசி, ஜெயித்து என்ன செய்தார் என்பதை விட்டுவிடுகிறோம். 1946-லிருந்து நாலு வருடத்தில் அவர் நடித்ததைப் பாருங்கள், அதுதான் எனக்கு முக்கியம்.

'டு ஈச் ஹிஸ் ஓன்': கல்யாணமாகாமல் பெற்ற பிள்ளையை வேறு வீட்டில் வளரவிட்டு, இளம்பெண்ணிலிருந்து நடு வயது வரை போகிற அம்மா. கண்ணீர்ப் படம்தான், ஆனால் அழ வைப்பதை அளவோடு செய்வார். 'த டார்க் மிரர்': இரட்டைச் சகோதரிகள், அதில் ஒருத்தி கொலைகாரி. (திண்ணைப்பேச்சு சார், நீங்கள் ஆரம்பிக்க வேண்டாம்.)

1948-இல் 'த ஸ்னேக் பிட்'. மனநல விடுதியில் அடைபட்ட பெண். இதற்காக உண்மையான விடுதிகளுக்குப் போய் நாட்கணக்கில் கவனித்தார். மின்சார அதிர்ச்சி சிகிச்சையை நேரில் பார்த்தார். உடம்பை இளைக்க வைத்துக்கொண்டார். ஒப்பனை இல்லை, தலைமுடி கலைந்து கிடக்கும். அந்தக்கால ஹாலிவுட் நாயகி அப்படித் திரையில் வருவதே பெரிய விஷயம். தனக்கு என்ன நடக்கிறது என்று அவளுக்கே புரியாத நேரத்தில் முகத்தில் ஒரு மரியாதைச் சிரிப்பு வரும் பாருங்கள், அந்த இடத்தில் மெலனியின் சிரிப்பைத் தானே கிழித்துப் போடுகிறார் என்று எனக்குத் தோன்றும்.

1949-இல் 'த ஏரஸ்', இயக்கம் வில்லியம் வைலர். ஹென்றி ஜேம்ஸ் நாவலிலிருந்து வந்த நாடகம். நியூயார்க்கில் நாடகத்தைப் பார்த்துவிட்டு வைலரிடம் போய் இதைப் படமாக்கலாம் என்று சொன்னதே ஒலிவியாதான். பழைய ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தால் இப்படி ஒரு கதையைத் தானே தேடிப் பிடித்து இயக்குநரிடம் கொண்டுபோயிருக்க முடியுமா?

அழகில்லாத, பேச்சு வராத, சொத்து நிறைய உள்ள பெண் கேதரின். அப்பாவாக ரால்ஃப் ரிச்சர்ட்சன், காதலனாக மான்ட்கோமரி கிளிஃப்ட். ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று பெட்டியோடு இரவெல்லாம் காத்திருப்பாள். அவன் வர மாட்டான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிற காட்சி. வைலர் திருப்தியே ஆகாதவர், டேக் மேல் டேக் எடுத்துக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் ஒலிவியா அந்தப் பெட்டியை அவர் பக்கம் விட்டெறிந்துவிட்டார் என்று சொல்வார்கள். காலிப் பெட்டி, அதுதான் கோளாறு என்று வைலருக்கு அப்போது புரிந்ததாம். உள்ளே புத்தகங்களை அடுக்கினார்கள். அடுத்த டேக்கில் உடம்பே வேறு மாதிரி ஏறியது. இரண்டாவது ஆஸ்கர் அந்தப் படத்துக்குத்தான்.

கடைசிபெஞ்ச்:

கதையைச் சொல்லிவிட்டீர்களே!

கறுப்புவெள்ளை:

முடிவைச் சொல்லவில்லை. 1949 படம் தம்பி. எழுபது வருடத்துக்கு மேல் காத்திருந்தாயிற்று.

கடைசிபெஞ்ச்:

சரி, ஒரு கேள்வி. இதே அம்மையார் 101 வயதாகப் போகிற நேரத்தில் ஒரு தொலைக்காட்சித் தொடர் மேல் வழக்குப் போட்டாரே? நடிகைகள் பெட்டி டேவிஸ் - ஜோன் க்ராஃபோர்ட் சண்டையை வைத்து எஃப்.எக்ஸ். 2017-இல் எடுத்த 'ஃப்யூட்'. அதில் கேதரின் சீட்டா-ஜோன்ஸ் இவராக நடித்தார். நான் கொடுக்காத பேட்டியைக் கொடுத்ததாகக் காட்டுகிறார்கள், என் தங்கையைக் கெட்ட வார்த்தையில் திட்டியதாகக் காட்டுகிறார்கள், என்னிடம் அனுமதி கேட்கவில்லை என்றார். கலைஞர்களுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தவரே கலைஞர்கள் வாயைக் கட்டலாமா?

தென்னங்கீற்று:

அவர் கேட்டது வாயைக் கட்டவா? உயிரோடு இருக்கிற மனுஷியின் வாயில் சொல்லாத சொல்லைப் போட்டால் கோபம் வராதா? இரண்டு வழக்கிலும் அவர் கேட்டது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. என் பெயரும் உழைப்பும் என்னுடையது என்கிறார்.

வாய்தா:

உணர்ச்சியில் நான் தென்னங்கீற்று மேடம் பக்கம், சட்டத்தில் கடைசிபெஞ்ச் பக்கம். கீழ் நீதிமன்றம் வழக்கை நடத்தலாம் என்றது. 2018 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. நிஜ மனிதர்களைப் பற்றிக் கதை, படம் எடுக்க அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று ஆரம்பித்தால் சரித்திரப் படமே எடுக்க முடியாது என்பது அடிப்படை. 2019 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் மனுவை ஏற்கவில்லை.

அவருக்குப் பாதகமாகச் சொன்ன நீதிமன்றம் எது தெரியுமா? கலிபோர்னியாவின் இரண்டாம் மேல்முறையீட்டு மாவட்டம். 1944-இல் வார்னரிடமிருந்து விடுவித்ததும் அதே நீதிமன்றம்தான். 74 வருட இடைவெளியில் ஒரே வாதி அதே வாசலில் ஏறியிருக்கிறார். நீதிபதிகள்தான் மாறிவிட்டார்கள்.

இரண்டாம்காட்சி:

பாரிஸ் வாழ்க்கையை யாரும் தொடவில்லை. எனக்கும் எழுதப் பெரிதாக ஆர்வமில்லை, சொல்லி முடித்துவிடுகிறேன். முதல் கணவர் எழுத்தாளர் மார்கஸ் குட்ரிச், விவாகரத்து. 1955-இல் 'பாரி மாட்ச்' பத்திரிகையின் பியேர் கலாந்தைக் கல்யாணம் செய்து பாரிஸில் குடியேறினார். 1965-இல் கான் திரைப்பட விழா நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் இவர். பிரெஞ்சுக்காரர்களோடு குடித்தனம் நடத்திய அனுபவத்தை நகைச்சுவையாக ஒரு புத்தகம் எழுதினார். ஒரே மகனை 1991-இல் பறிகொடுத்தார். 2017-இல், 101-ஆவது பிறந்த நாளுக்குச் சற்று முன்னால், பிரிட்டிஷ் அரசி டேம் பட்டம் (ஆண்களுக்குக் கொடுக்கிற 'சர்' மாதிரி) கொடுத்தார்.

திண்ணைப்பேச்சு:

எர்ரல் ஃப்ளின்னோடு ஏதாவது...?

இரண்டாம்காட்சி:

ஒன்றும் நடக்கவில்லை என்று கடைசி வரை சொன்னார். மனதில் இருந்தது என்பதை மறைக்கவுமில்லை. 'ராபின் ஹூட்' பாருங்கள் சார், 1938-இன் டெக்னிகலர். அந்த மாடி முகப்புக் காட்சியில் உங்களுக்கு வேண்டியது கிடைக்கும்.

தென்னங்கீற்று:

நாலு நாள் கழித்து வருகிறேன். 'த ஏரஸ்' பார்த்துவிட்டேன். கடைசிபெஞ்ச், இன்னும் பார்க்கவில்லை என்றால் இதற்கு மேல் படிக்காதீர்கள்.

கறுப்புவெள்ளை சார் சொன்ன பெட்டியை எதிர்பார்த்தே பார்த்தேன். அது தெரிந்திருந்தும் தொண்டை அடைத்தது. ஆனால் அவர் கடைசிப் படியேற்றத்தைச் சொல்லாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. வருடங்கள் கழித்து அவன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். இவள் பூவேலையின் கடைசி நூலை அறுத்துவிட்டு, கதவைத் தாழிடச் சொல்லிவிட்டு, விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு அதே படியில் ஏறுகிறாள். வெளியே அவன் பேர் சொல்லிக் கத்திக்கொண்டே இருக்கிறான். இந்த முறை பெட்டி இல்லை. முகத்தில் இருப்பது சந்தோஷமா, வேறு ஏதாவதா என்று பிடிபடாமல் மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். என் கணவர் அவள் பழி வாங்கிவிட்டாள் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுக்குத் தூங்கப் போகிற நேரம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்தது 'த ஸ்னேக் பிட்'. ராத்திரி தனியாகப் பார்க்கலாமா?

கறுப்புவெள்ளை:

பகலில் பாருங்கள் மேடம். கூட யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள்.